பந்தியில் முளைத்த கட்சி

வேளாங்கண்ணித் திருவிழாச் சமயத்தில் கடைத்தெரு ஓட்டல் எதிலாவது நுழைந்து பாருங்கள். காவி உடுத்தி நடந்தே வந்தவரும் பஸ்ஸில் வந்திறங்கிய குடும்பமும் ஒரே மேஜையில் இடித்துக்கொண்டு சாம்பார் கேட்பார்கள். பக்கத்து இலை யாருடையது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன் இதே தஞ்சை ஜில்லாவில் (வேளாங்கண்ணியும் அதில்தான், நாகை மாவட்டம் 1991இல்தான் பிரிந்தது) யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரிய அரசியல். அதிலிருந்து ஒரு கட்சியே கிளம்பியது. மேடைப் பேச்செல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நாம் சமையல்கட்டு வழியாகப் போவோம், வாங்க!

முதலில் சென்னை, திருவல்லிக்கேணி. டாக்டர் சி. நடேச முதலியார் ஒரு மாணவர் விடுதி நடத்துகிறார்: திராவிடர் இல்லம். வெளியூரிலிருந்து படிக்க வரும் பிராமணரல்லாத பையன்களுக்குப் பட்டணத்தில் தங்க இடம் கிடைப்பதே பாடு. அவர்களுக்காகத்தான் இந்த வீடு. இங்கே தங்கிப் படித்த பையன்களில் ஒருவர் யார் தெரியுமா? சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்!

அடுத்த காட்சி இன்னும் ருசி. சர் பிட்டி தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் நகராட்சி அரசியலில் மோதிக்கொண்டவர்கள். ஒருவர் எப்போதும் வெள்ளுடை, மற்றவர் சீமையில் படித்த மருத்துவர். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்த சாமர்த்தியம் நடேசனாருடையது. 1916இல் டெல்லி சட்டசபைக்கு நின்ற நாயர் தோற்றுப்போயிருந்தார். நடேசனார் பாதி வேலையைச் செய்தார், அந்தத் தோல்வி மீதியைச் செய்தது என்பது என் சொந்தக் கணிப்பு. 1916 நவம்பர் 20. கூடியவர்கள் முப்பது பேர் அளவில். பிறந்த குழந்தைக்குப் பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். ஆங்கிலப் பெயரில் ‘லிபரல்’ என்றே போட்டுக்கொண்டார்கள். ஊர் அதை மதிக்கவில்லை. மறுவருஷம் அவர்கள் தொடங்கிய ‘ஜஸ்டிஸ்’ நாளிதழின் பெயரையே கட்சிக்கும் வைத்துவிட்டது! நம் ஆட்கள் கட்சி தொடங்கி நாலே வருஷத்தில் ஆட்சியையே பிடித்தவர்கள். 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது என்பதைச் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் நாற்காலி தேடி வந்தபோது தியாகராயர் வேண்டாம் என்றுவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் உட்கார்ந்தார். 1921இல் பெண்களுக்கு ஓட்டு. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. பாருங்கள், மறுபடியும் பந்தி!

இப்போது நம்ம ஊர்ப்பக்கம். குடவாசல் வட்டாரத்துப் பெரும்பண்ணையூரில் 1888இல் பிறந்த கத்தோலிக்கர், சீமைக்குப் போய் பாரிஸ்டரானவர், ஏ.டி. பன்னீர்செல்வம். 1920களில் தஞ்சை ஜில்லா போர்டுக்குத் தலைவர். மராட்டிய மன்னர்கள் விட்டுப்போன சத்திரங்கள் போர்டின் நிர்வாகத்தில் இருந்தன. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரத்துச் செலவில் நடந்த விடுதிகளில் சாப்பிட்டுப் படித்தவர்கள் பிராமணப் பிள்ளைகள் மட்டுமே. மனுஷர் மைக் பிடித்து முழங்கவில்லை. நிர்வாகத்தைக் கையில் எடுத்தார், மற்ற பிள்ளைகளுக்கும் இலை விழுந்தது. திருவையாற்று சமஸ்கிருதக் கல்லூரியிலும் அதே கைவரிசை: தமிழ் உள்ளே வந்தது, பெயரும் அரசர் கல்லூரி என்றானது. 1938இல் பெரியார் சிறையிலிருந்தபடியே கட்சித் தலைவரானபோது மாநாட்டில் அவர் உரையைப் படித்தவரும் இவர்தான்.

சரி, பளபளப்புக்குப் பின்னால் கறையும் உண்டு. ஜமீன்தார்களும் மிராசுதார்களும் முன்வரிசையில் உட்கார்ந்த கட்சி இது. சொத்தும் வரியும் உள்ளவருக்குத்தான் அன்று ஓட்டு. சத்திரத்துப் பந்தி திறந்தது, வயல் வரப்பில் கஞ்சிக் கலயத்தோடு நின்ற பண்ணையாள் அங்கேயே நின்றார். ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா 1923இலேயே கட்சியை விட்டுப் போய்விட்டார். கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைத் தேடி 1940களில் ஒருவர் வந்தார். மிராசுதாரும் இல்லை, பாரிஸ்டரும் இல்லை. கன்னடம் பேசும் கம்யூனிஸ்ட், பி. சீனிவாச ராவ்.