மின் நிலையத்தில் ஒரு கேள்வித்தாள்

மாலையில் விளக்கின் விசையை அழுத்துகிறோம். அறை ஒளி பெறுகிறது. அந்த ஒளியின் பின்னே கொதிகலன் இருக்கிறது, சுழலி இருக்கிறது, பல மைல் தூரம் ஓடும் கம்பி இருக்கிறது என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. இவற்றையெல்லாம் இயக்கும் மனிதரைப் பற்றி அவை அதிகம் கூறுவதில்லை. நள்ளிரவில் கொதிகலனின் அழுத்தத்தைக் கவனித்து நிற்பவர் ஒருவர். மழையில் கம்பத்தின் மீது ஏறுபவர் ஒருவர். அலுவலகத்தில் அமர்ந்து ஆயிரக்கணக்கான வீடுகளின் மின்கட்டணத்தைக் கணக்கிடுபவர் ஒருவர். இவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர். அவருக்கும் மேலே அதிகாரி. கீழே இருப்பவர் கண்ட குறை மேலே இருப்பவரின் செவிக்கு எட்டுகிறதா? இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. கம்பத்தில் ஏறும் தொழிலாளி, "இந்த இணைப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது, ஐயா" என்று சொல்லத் தயங்கினால், அத்தயக்கத்திற்கு ஓர் உயிரே விலையாகிவிடக் கூடும்.

இந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடிய ஒரு மின்சாரக் கம்பெனியின் வரலாற்றை இப்பேச்சில் காண்போம்.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் என்பது மோட்டார்த் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். அந்நகருக்கும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுக்கும் மின்சாரம் வழங்குவதற்காக 1903இல் அமைந்த நிறுவனம் டெட்ராய்ட் எடிசன் கம்பெனி. இன்று அது டி.டி.இ. என்னும் பெயரால் வழங்குகிறது. நகரத்திலிருந்து சிறிது தூரத்தில், ஆன் ஆர்பர் என்னும் ஊரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1946இல் மக்களின் கருத்துகளை அளந்தறியும் ஆய்வு நிலையம் ஒன்று தோன்றியது. அதன் தலைவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்னும் உளவியல் அறிஞர்.

கருத்தை எவ்வாறு அளப்பது? துணியை அளக்க முழக்கோல் உண்டு. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மனத்தை அளக்க லிக்கர்ட் 1932இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். ஒரு கூற்றை எழுதிக் கொடுத்து, அதனை முற்றிலும் ஏற்கிறீரா, ஏற்கிறீரா, இரண்டுமில்லையா, மறுக்கிறீரா, முற்றிலும் மறுக்கிறீரா என்று ஐந்து படிகளில் விடை கேட்பது அவ்வழி. ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் உண்டு. எண்களைக் கூட்டிப் பார்த்தால், கூட்டத்தின் மனநிலை ஓரளவு புலனாகும். இன்று உலகெங்கும் கல்லூரி ஆய்வுகளில் பயன்படும் 'லிக்கர்ட் அளவுகோல்' இதுவே.

1948இல் டெட்ராய்ட் எடிசன் கம்பெனி தன் ஊழியர் அனைவரின் கருத்தையும் அறிய முற்பட்டது. மிச்சிகன் நிலையத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் மான் என்பவர் இப்பணியை முன்னின்று நடத்தினார். ஏறத்தாழ 8,000 ஊழியர்கள் தங்கள் மேற்பார்வையாளரைப் பற்றியும், பதவி உயர்வுக்கான வாய்ப்பைப் பற்றியும், உடன் பணிபுரிவோரைப் பற்றியும் விடையளித்தனர். மேற்பார்வையாளர்களும் மேலதிகாரிகளும் தனித்தனியே விடையளித்தனர்.

இவ்வாறு எல்லாப் படியில் உள்ளவர்களையும் கேட்பதால் விளையும் நன்மை என்ன? ஒரே செயலை மேலிருந்து ஒருவர் எப்படிக் காண்கிறார், கீழிருந்து மற்றவர் எப்படிக் காண்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க இயலும். லிக்கர்ட் 1961இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஒப்பீடு ஒன்று காணப்படுகிறது. வேலையில் மாற்றம் செய்யும் முன்னர், அதனைக் கீழுள்ளோருக்குப் பெரும்பாலும் அறிவித்துவிடுகிறோம் என்று மேலதிகாரிகள் நூற்றுக்கு நூறு பேரும் கூறினர். அவர்கள் அவ்வாறு அறிவிப்பதாக ஒப்புக்கொண்ட மேற்பார்வையாளர்களோ நூற்றுக்கு 63 பேர்தாம். அம்மேற்பார்வையாளர்கள் தங்களைப் பற்றிக் கூறும்போது, நூற்றுக்கு 92 பேர் தாங்கள் தொழிலாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதாகக் கூறினர். தொழிலாளரைக் கேட்டால், அவ்வாறு சொல்வதுண்டு என்றவர்கள் நூற்றுக்கு 47 பேரே! இங்கே பொய் சொன்னவர் யாரும் இருக்க வேண்டியதில்லை. சொன்னவர் தாம் சொல்லிவிட்டதாகவே நம்புகிறார்; மற்றவரின் செவியில் அது விழவில்லை. மேற்பார்வையாளரின் நிலையைப் பாருங்கள். தமக்கு மேலுள்ளவர் சொல்வதில்லை என்று குறைபடும் அவரே, தமக்குக் கீழுள்ளவரும் அதே குறையைச் சொல்வதை அறியாதிருக்கிறார்.

மின்சாரக் கம்பெனி ஆய்வில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. வேலையில் நேரும் சிக்கல்களை மேற்பார்வையாளரிடம் அஞ்சாமல் பேசலாம் என்று கருதிய குழுக்களில், வேலைக்கு வராமல் நிற்பது குறைவாக இருந்தது. ஆனால் மாணவர்களாகிய நீங்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டுமே ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று துணிந்துவிடக் கூடாது. நல்ல மேற்பார்வையாளரால் ஒழுங்கான வருகை உண்டாயிற்றா, ஒழுங்காக வருவோரிடம் மேற்பார்வையாளர் நல்லவராக நடந்துகொண்டாரா? இதனைத் தெளிய ஒரு சோதனை தேவை.

அச்சோதனை அக்கம்பெனியின் கணக்குப் பிரிவுகளில் நிகழ்ந்தது. 1950இல் அங்கே மீண்டும் கருத்துகளைத் திரட்டினர். பின்னர் நான்கு பிரிவுகளில், கிடைத்த முடிவுகளை ஊழியரிடமே திருப்பிக் கொடுத்தனர். முதலில் பிரிவின் தலைவர் தமக்குக் கீழுள்ள மேற்பார்வையாளர்களுடன் அமர்ந்து முடிவுகளை ஆராய்ந்தார். அடுத்து ஒவ்வொரு மேற்பார்வையாளரும் தம் குழுவினருடன் அமர்ந்தார். சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று பிணைவது போல, ஒரு கூட்டத்தில் கீழ்ப்படியில் அமர்ந்தவர் அடுத்த கூட்டத்தில் தலைமை தாங்கினார். "நம் குழுவினர் இப்படிக் கருதுகின்றனர், இதற்குக் காரணம் என்ன? நாம் என்ன செய்யலாம்?" என்பதே பேச்சு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு இரண்டு பிரிவுகளில் இக்கூட்டங்களை நடத்தாமல் விட்டுவைத்தனர்.

சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடியும் அளந்தனர். கூட்டங்கள் நடந்த பிரிவுகளில், வேலையில் ஆர்வம், மேற்பார்வையாளர் மீது மதிப்பு, முன்னேற்றத்தைப் பற்றிய நம்பிக்கை ஆகியன வளர்ந்திருந்தன. மற்ற இரண்டு பிரிவுகளில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை இதுதான்: கேள்வித்தாளை நிரப்பி வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதால் பயன் விளைவதில்லை. முடிவுகளை அதிகாரி ஒருவர் மட்டும் படித்து அறிந்தாலும் பயன் சிறிதே. விடை சொன்னவர்களோடு அமர்ந்து, அவர்கள் சொன்னதை அவர்களுடனேயே ஆராய்ந்து, செய்யத்தக்கதைச் சேர்ந்து முடிவு செய்தால்தான் மாறுதல் உண்டாகிறது.

ஊழியரைக் கேட்காமல் நாமே ஊகித்துவிடக் கூடாதா என்று சிலர் வினவலாம். அதற்கும் இக்கம்பெனியின் மின் நிலையங்களே விடை தருகின்றன. ஃபிளாய்ட் மானும் ரிச்சர்ட் ஹாஃப்மனும் பழைய நிலையம் ஒன்றையும், பெரும்பாலும் தானே இயங்கும் புதிய நிலையம் ஒன்றையும் ஒப்பிட்டு 1960இல் ஒரு நூல் வெளியிட்டனர். பழைய நிலையத்தில் கொதிகலனுக்கு ஒருவர், சுழலிக்கு ஒருவர், மின்விசைப் பலகைக்கு ஒருவர் என வேலை பிரிந்திருந்தது. புதிய நிலையத்தில் ஒருவரே இம்மூன்றையும் கற்று மாறி மாறிச் செய்ய வேண்டியதாயிற்று. வேலை சுவையாகவும் பொறுப்புள்ளதாகவும் ஆயிற்று என்று தொழிலாளர் மகிழ்ந்தனர். அதே தொழிலாளர், மனத்தில் பதற்றம் மிகுந்துவிட்டது என்றும் கூறினர். மகிழ்ச்சியும் பதற்றமும் ஒருங்கே இருக்கக் கூடும் என்பதை மேலிருந்து யார் ஊகித்திருக்க முடியும்?

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. ஊதியம் குறைவாக இருக்குமிடத்தில் கூட்டம் போட்டுப் பேசுவது ஊதியத்திற்கு ஈடாகாது. சொன்னவர் யார் என்று தேடித் தண்டிக்கும் இடத்தில், ஐந்து படிகளில் எத்தனை கேள்வி கேட்டாலும் உண்மை வெளிவராது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தாலோ, அடுத்த முறை கேட்கும்போது ஊழியர் மௌனமே விடையாகத் தருவர்.

இளைஞர்களே, நீங்கள் நாளை ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ மின் நிலையத்திலோ பணியில் அமர்வீர்கள். முதலில் உங்களுக்கு மேலே ஒருவர் இருப்பார். சில ஆண்டுகளில் உங்களுக்குக் கீழேயும் சிலர் இருப்பர். "நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்" என்று அன்று உங்கள் உள்ளம் உறுதி கூறும். அப்போது அந்த 92ஐயும் 47ஐயும் நினைவிற் கொள்ளுங்கள். எழுந்து சென்று, அவர்களுள் ஒருவரிடம், "நான் சொன்னது உங்களுக்கு எட்டியதா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் சொல்லும் விடையைப் பொறுமையுடன் கேளுங்கள்.