சிக்கனமாய் ஒரு பிறந்ததினம்

நகையை அடகு வைத்தேனும் குழந்தையின் பிறந்ததினத்தைக் கொண்டாட வேண்டுமா? 2022 செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டிற்குள் ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்ததை இல்லத்தரசிகள் மறந்திரார். ஏற்றம் பின்னர் தணிந்தது. விலைகளோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நட்சத்திர நாளும் ஆங்கிலத் தேதியும் பெரும்பாலும் ஒன்றாய் அமைவதில்லை. இரண்டிற்கும் விருந்து வைப்பானேன்? வினாயகபுரத்தார்க்குத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் அண்மையிலேயே உள்ளது. நட்சத்திர நாளில் அங்கே ஓர் அருச்சனை போதும்.

விருந்தை மாலை நான்கு மணிக்கு வையுங்கள். குழந்தை உறங்கி எழுந்திருக்கும். சோறு சமைக்கும் செலவும் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு நான்கைந்து தோழர் போதும். கூட்டம் கண்டால் அது அழத்தான் செய்யும்! பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளிட்ட கொழுக்கட்டை, சட்டித் தயிர், கித்துள் பாணி: அக்கரைப்பற்றிலிருந்து முஸ்லிம் நண்பர்கள் வந்தாலும் எல்லாரும் தயக்கமின்றி உண்ணலாம். முட்டை கேட்கும் கேக்கு அவசியமன்று. சின்னஞ் சிறார்க்கு முழுக் கச்சான் கொடுக்கலாகாது, தொண்டையில் சிக்கும். வெடித்த பலூன் துண்டுகளும் அவ்வாறே மூச்சை அடைக்கும்; உடனே பொறுக்கிவிடுங்கள்.

அலங்காரத்திற்கு வளவிலுள்ள தென்னங்குருத்து இருக்கிறது. தாத்தாமாரை அழைத்து ஓலைக் காற்றாடியும் பீப்பியும் செய்விக்கலாம். விளையாட்டும் அதுவே, வீடு திரும்பும் பிள்ளைகட்குப் பரிசும் அதுவே. அழைக்கும்போதே அன்பளிப்பு வேண்டாமெனச் சொல்லிவிடுங்கள். கேளாதவரிடம் ஒரு படப்புத்தகம் கேட்கலாம்.