கொலாசன்

கொலாசன் என்பது விலங்குகளின் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றில் காணப்படும் நார்ப்புரதம் ஆகும். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கொலாசனே. திண்டுக்கல் நகரின் பழந்தொழில்களுள் ஒன்றான தோல் பதனிடுதல், இப்புரதத்தை அழுகாமல் நிலைநிறுத்தும் தொழில் ஆகும்.

கட்டமைப்பு அலகுகள்

உயிரியப் பெருமூலக்கூறுகள் பலவும் சிறிய அலகுகள் தொடராக இணைந்து உருவாகின்றன. புரதங்களின் அலகு அமினோ அமிலம் ஆகும். இரண்டு அமினோ அமிலங்கள் பெப்டைடுப் பிணைப்பால் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது.

கொலாசனின் ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள் உள்ளன. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமைகிறது. ஏனைய இடங்களில் புரோலினும் ஐதராக்சிபுரோலினும் மிகுதி. மூன்று சங்கிலிகள் கயிறு போல முறுக்கிக்கொள்வதால் நடுவில் இடம் மிகக் குறைவு. பக்கத்தொகுதியாக ஓர் ஐதரசன் அணுவை மட்டுமே கொண்ட கிளைசினே அங்கு பொருந்தும். ஒரு கிளைசினுக்குப் பதிலாக வேறு அமினோ அமிலம் அமைந்தாலும், எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய் உண்டாகலாம். புரோலினை ஐதராக்சிபுரோலினாக மாற்ற உயிர்ச்சத்து சி தேவை. இது குறைந்தால் முச்சுருள் வலுவிழந்து, ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றும்.

கண்டுபிடிப்பு

கொலாசனின் முச்சுருள் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சர் இதழில் முன்மொழிந்தனர். 1955-இல் அதைத் திருத்தி வெளியிட்டனர். ஆய்வுக்கான கொலாசன், சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெறப்பட்டது. இவ்வாய்வின் தொடர்ச்சியாக, புரதச் சங்கிலி எக்கோணங்களில் மடங்க இயலும் என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வெளியானது.

தோல் பதனிடுதல்

பச்சைத் தோலை நீரில் சூடாக்கினால் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் முச்சுருள் குலைந்து தோல் சுருங்கிவிடும். ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கொலாசன் சங்கிலிகளுடன் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்தி அவற்றை நிலைநிறுத்துகின்றன. குரோமிய உப்புகள் அசுபார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் ஆகியவற்றின் கார்பாக்சில் தொகுதிகளுடன் பிணைகின்றன. இத்தோல் கொதிநீரையும் தாங்கும்.

கொலாசனுடன் பிணையாத குரோமியமும், தோலைக் காக்கப் பயன்படும் உப்பும் கழிவுநீரில் சேர்கின்றன. இக்கழிவுநீரால் திண்டுக்கல் பகுதியில் நிலத்தடி நீர் மாசடைந்து, கிணறுகள் உவர்ப்பேறின. 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது.