மன்னவனூர்ப் புல்வெளியும் மாணவர் கை வரைபடமும்

புவியியல் தகவல் அமைப்பு என்பது ஓர் இடத்தைப் பற்றித் தெரிந்த விவரங்களை அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு முடிச்சுப்போட்டுக் கணினியில் அடுக்கி வைக்கும் முறை. மாணவர்கள் அதை ஜி.ஐ.எஸ். என்பார்கள், அடுக்குகளை லேயர் என்பார்கள். கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மன்னவனூரை எடுத்துக்கொண்டால் ஏரி ஓர் அடுக்கு. பூம்பாறை வழியாக வரும் சாலை ஓர் அடுக்கு. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள் ஓர் அடுக்கு. சோலை, புல்வெளி, பைன் தோப்பு, மலைச்சரிவு என்று மற்றவை. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சாதாரண வரைபடம்தான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கேள்வி கேட்கலாம்: சாலையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில், மரமில்லாத நிலம் எங்கெங்கே இருக்கிறது? அடைமழையில் மண் சரியக்கூடிய இடங்களைத் தேடும் மாணவர் இப்படித்தான் தொடங்குவார்.

மன்னவனூர் இருக்கும் பழனி மலையை அளக்கும் வேலை புதிதல்ல. 1821இல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் மலையேறி அளந்துவிட்டுப் போனார். கணினியில் அடுக்குகளாக வரைபடம் சேர்க்கும் யோசனை 1963இல் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் தொடங்கிய திட்டத்தில் உருப்பெற்றது. 1972இல், நிலத்தைப் படமெடுக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வானில் ஏறியது. ஆனாலும் நெடுங்காலம் இந்தக் கருவி பெரிய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. படங்களுக்கு விலை, மென்பொருளுக்கு அதைவிட விலை. 2002இல் தொடங்கிய க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும், 2008இல் லேண்ட்சாட் படங்கள் அனைத்தையும் அமெரிக்கா கட்டணமின்றித் திறந்துவிட்டதும்தான் நிலைமையை மாற்றின. மறு ஆண்டே இஸ்ரோவின் புவன் வரைபடத் தளமும் வந்தது. இன்று காந்திகிராமப் பல்கலைக்கழகத்திலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ இத்துறையைப் படிக்கும் ஒருவர், சாதாரண மடிக்கணினியில் மன்னவனூரின் அரை நூற்றாண்டு வரலாற்றை இறக்கிக்கொள்ள முடியும்.

இறக்கிய படம் உடனே உண்மை பேசிவிடாது. மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது ஆயத்தொலைவுகளில். டோபோஷீட் எனப்படும் பழைய நில அமைப்பு வரைபடங்கள், பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் என்ற கணக்கின்படி வரையப்பட்டவை, கைபேசியின் ஜி.பி.எஸ். வேறு கணக்கைப் பின்பற்றுகிறது. மாற்றிப் பொருத்தாமல் மேலே வைத்தால் ஏரி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து கரையில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு பொறி, நீளத்தை மீட்டரில் அளப்பதற்காக உலகை அறுபது பட்டைகளாகப் பிரித்திருக்கும் முறை. பட்டைகளின் எல்லைக்கோடு ஒன்று 78ஆம் தீர்க்கரேகையில் ஓடுகிறது. கொடைக்கானல் அதற்கு மேற்கே 43ஆம் பட்டையில். மதுரை கிழக்கே 44ஆம் பட்டையில். மதுரைக் கல்லூரி ஒன்றில் பழகிய பட்டை எண்ணையே மலைக்கும் போட்டுவிட்டால் அளவெல்லாம் பிசகும். சின்ன விஷயம்தான், ஆனால் பல நாள் உழைப்பை வீணாக்கிவிடக்கூடியது.

அடுத்தது வகைப்படுத்தல். செயற்கைக்கோள் படம் சிறு சதுரங்களால் ஆனது. 1973இன் லேண்ட்சாட் படத்தில் ஒரு சதுரம் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம். லேண்ட்சாட் 8இல் அது 22 சென்ட். ஐரோப்பாவின் சென்டினல் 2இல் இரண்டரை சென்ட். ஒவ்வொரு சதுரமும் சூரிய ஒளியின் எந்த நிறத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற எண்களைக் கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அதில் சேர்த்தி. மாணவர் சில இடங்களைக் காட்டி, இது சோலை, இது புல், இது பைன் என்று சொல்லிக்கொடுத்தால், அதே சாயல் உள்ள சதுரங்களைக் கணினி தேடிப் பிரிக்கும். மலையில்தான் இது கடினம். ஒரு சரிவில் வெயில், எதிர்ச்சரிவில் நிழல்; ஒரே புல் இரண்டு நிறம் காட்டும். அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் பூண்டு வயல் காய்ந்த புல்வெளி போலிருக்கும். சீகை எனப்படும் வாட்டில் மரத்தோப்பு மேலிருந்து பார்த்தால் சோலையோடு கலந்துவிடும். இரு பருவமழையும் தொடும் மலை என்பதால் மேகமில்லாத படம் கிடைப்பதே அரிது; முன்கோடை மாதங்களை நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே நடந்தே தீர வேண்டும். ஜி.பி.எஸ். கருவியோடு மேடுபள்ளம் ஏறி, கணினி புல் என்று சொன்ன இடத்தில் புல்தான் இருக்கிறதா என்று புள்ளி புள்ளியாகச் சரிபார்ப்பதற்கு கிரவுண்ட் ட்ரூத் என்று பெயர். எத்தனை புள்ளிகளில் கணினி தவறியது என்ற கணக்கை ஆய்வேட்டில் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் வண்ணப்படம்தான்.

இந்த உழைப்பு எதைக் கொண்டுவரும் என்பதற்குப் பழனி மலையிலேயே சான்று இருக்கிறது. இம்மலையின் உச்சிப்பகுதிகளின் இயல்பு, மடிப்புகளில் சோலைக்காடும் முகடுகளில் புல்வெளியுமாகக் கலந்து கிடப்பது. இருபதாம் நூற்றாண்டில் சீகையும் பைனும் யூக்கலிப்டஸும் பெருமளவில் நடப்பட்டன. இதனால் அழிந்தது காடு என்பதே பொதுவான பேச்சு. நீதிமன்ற உத்தரவுகளும் சோலை மரங்களை மீட்பதையே வலியுறுத்தின. திருப்பதி இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி.வி. ராபினும் ஆய்வாளர் எம். அரசுமணியும் பிறரும் சேர்ந்து 1973 முதல் நாற்பதாண்டு செயற்கைக்கோள் படங்களைக் கள ஆய்வோடு ஒப்பிட்டு, 2018இல் பி.எல்.ஓ.எஸ். ஒன் இதழில் முடிவை வெளியிட்டார்கள். சோலையில் 31 சதவீதம் போயிருந்தது. புல்வெளியில் 66 சதவீதம் போயிருந்தது. ஒரு காலத்தில் மலையில் மிகுதியாகவும் தொடர்ச்சியாகவும் பரந்திருந்த புல்வெளி, மிக அரிதாகவும் மிகச் சிதறியும் கிடக்கும் நிலப்பரப்புகளில் ஒன்றாகிவிட்டது.

இந்த ஆய்வின் ஆசிரியர் பட்டியலே ஒரு பாடம். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் பல ஆண்டுகள் சோலைக் கன்றுகள் வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட்டும், இம்மலையை நெடுங்காலம் படம்பிடித்த ஒளிப்படக்காரரும் ஆசிரியருமான இயன் லாக்வுட்டும் அதில் இருக்கிறார்கள். 1973இல் எது புல், எது மரம் என்று இன்று நடந்துபோய்ச் சரிபார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பழைய ஒளிப்படமும், அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் நினைவும் கணினிக்கு ஈடான சான்றுகள். மன்னவனூரில் ஆய்வுக்கு வரும் மாணவர் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், “தாத்தா, முன்னே மாடு எங்கே மேய்ந்தது?” என்று கேட்பதும் ஆய்வு முறையில் அடங்கியதே.

மன்னவனூரைச் சுற்றி இன்னும் திறந்த புல்வெளி கண்ணுக்குத் தெரிகிறது. மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இங்கே இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துச் செல்கிறார்கள். புல் மிச்சமிருக்கும் இப்படிப்பட்ட மலையில் வரைபடத்துக்கு அவசரமான வேலை உண்டு. தோப்பாக மாறிய புல்வெளியின் வடிவமும் வயலாக மாறியதன் வடிவமும் ஒன்றுபோல் இல்லை என்று அந்த 2018 ஆய்வு கண்டது. நட்ட மரங்கள் தாமாகவே புல்லுக்குள் பரவியிருக்கலாம் என்பது அதன் விளக்கம். வளர்ந்த தோப்புகளை வெட்டிச் சோலை நடுவது பெருஞ்செலவு. வெட்டிய இடத்தில் சீகை மறுபடி முளைக்கும். எஞ்சிய புல்வெளியின் ஓரத்தில் தலைகாட்டும் கன்றுகளைப் பிடுங்குவது எளிது. அந்த ஓரம் எந்தச் சரிவில், எத்தனை மீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்பதை இரண்டரை சென்ட் சதுரங்களில் ஆண்டுதோறும் குறித்துவருவது, ஒரு முதுநிலை மாணவர் தன் ஆய்வேட்டுக் காலத்திலேயே செய்யக்கூடிய வேலை.