அடுக்களையும் அரிச்சுவடியும்

வீடே பள்ளியாகவும், தாயே ஆசிரியையாகவும், அன்றாடம் உண்ணும் எளிய உணவே ஒழுக்கப் பாடத்தின் ஒரு பகுதியாகவும் விளங்கிய ஓர் இல்லத்தைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவ்வில்லம் இங்கிலாந்து நாட்டில், லிங்கன்ஷயர் பகுதியில், எப்வொர்த் என்னும் சிற்றூரில் இருந்தது. சுற்றிலும் தாழ்ந்த சதுப்பு நிலம். நடுவே சற்றே மேடான ஊர். காலம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். இல்லத் தலைவர் சாமுவேல் வெஸ்லி, ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த ஊர்க்குரு. தலைவியார் பெயர் சுசன்னா.

இவர்களுடைய மக்களுள் ஜான், சார்லஸ் ஆகிய இருவரையும் உலகம் அறியும். மெதடிஸ்ட் இயக்கம் என்னும் சமய இயக்கத்தைத் தோற்றுவித்தவர்கள் அவர்களே. ஆனால், என் போன்ற பள்ளியாசிரியனுக்கு மைந்தரைக் காட்டிலும் அன்னையாரே பெரியவராகத் தோன்றுகிறார். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் பெஸ்டலாசியையும் பிராபெலையும் பக்கம் பக்கமாகப் படித்தோம். இவ்வம்மையாரின் பெயரை அப்பாடங்களில் நான் காணவில்லை. பின்னர், நானாக நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் கண்டேன்.

சுசன்னா 1669-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தார். தம் தந்தையாரின் 25 மக்களுள் இவரே கடைக்குட்டி என்பர். 1688-இல் திருமணம் நடந்தது. பெற்ற பிள்ளைகள் 19. பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர். இந்தப் பத்துப் பேருக்கும் எழுத்தறிவித்தவர் அவரே. அதனை எவ்வாறு செய்தார் என்பதைத் தம் மகன் ஜான் வேண்டிக் கேட்க, 1732-ஆம் ஆண்டு ஒரு நீண்ட கடிதமாக எழுதியனுப்பினார். ஜான் அக்கடிதத்தைத் தம் நாட்குறிப்பில் சேர்த்து வெளியிட்டார். ஆதலின், நான் சொல்லப் போவன வெறும் செவிவழிச் செய்திகள் அல்ல. பெரும்பாலும் அம்மையாரே எழுதி வைத்தவை.

முதலில் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், அவ்வீட்டில் உணவு எளிதாகக் கிடைத்த பொருளன்று. குருவின் வருவாய் சிறிது, கடன் பெரிது. 1705-ஆம் ஆண்டு, 30 பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காகச் சாமுவேல் கைது செய்யப்பட்டு லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறையிலிருந்த வேளையில், அரசியல் பகை கொண்ட ஊரார் சிலர் இரவோடிரவாக வந்து அவருடைய மூன்று பசுக்களையும் குத்திப் புண்படுத்தினர். பால் வற்றிப் போயிற்று. அந்தப் பாலே அக்குடும்பத்தின் முதன்மையான ஆதாரம். அம்மையார் கலங்கினாரில்லை. தம் கையிலிருந்த மோதிரங்களைக் கழற்றிச் சிறையிலிருந்த கணவருக்கு அனுப்பினார். அவரோ அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டார்.

யார்க் நகரப் பேராயர் ஒருமுறை அம்மையாரை நோக்கி, உண்மையிலேயே உண்ண ரொட்டியின்றி வருந்தியதுண்டோ என்று வினவினாராம். அதற்கு அவர் சொன்ன மறுமொழி சிந்திக்கத் தக்கது. ரொட்டி இல்லாமற் போனதில்லை. ஆனால், உண்பதற்கு முன் அதனைத் தேடும் கவலையும், உண்ட பின் அதற்குப் பணம் கொடுக்கும் கவலையும் சேர்ந்து அந்த ரொட்டியின் சுவையையே கெடுத்துவிட்டன என்னும் கருத்துப்படக் கூறினார். வறுமையை இதைவிடத் துல்லியமாக எவரும் அளந்து சொன்னதாக நான் அறியேன்.

இத்தகைய வீட்டில் பிள்ளைகளின் உணவு எப்படி இருந்திருக்கும்? காலையில் கரண்டியால் அள்ளி உண்ணத்தக்க கஞ்சி போன்ற உணவு. சில நாட்களில் இரவிலும் அதுவே. அவ்வேளைகளில் ஒரே ஒரு பண்டந்தான்; அதுவும் அளவோடு. நண்பகலில் வீட்டார் அனைவருக்கும் சமைத்தது எதுவோ அதுவே பிள்ளைகளுக்கும். தனிச் சமையல் இல்லை. இது வேண்டும், அது வேண்டா என்று தெரிந்தெடுக்கும் உரிமையும் இல்லை. இரு வேளைகளுக்கு இடையே கொறிப்பதென்பது நோயுற்ற காலத்தில் மட்டுமே. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கண் படும்படி ஒரு குட்டி மேசை போட்டிருப்பார்கள். ஏதேனும் வேண்டுமாயின் அருகில் நிற்கும் பணிப்பெண்ணின் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கும் பருவம் வந்ததும் பெரியவர்களின் மேசையில் இடம் கிடைக்கும். பேச்சு வராத குழந்தைகூட உணவுக்கு முன் கைச்சாடையால் இறைவனை வணங்கக் கற்பிக்கப்பட்டது.

கொடுத்ததை உண்ணப் பழகியதனால் நோய் வந்தபோது கசப்பு மருந்தையும் பிள்ளைகள் மறுக்காமல் விழுங்கினர் என்று அம்மையார் எழுதுகிறார். ஒரு வாய் சோற்றுக்கு மூன்று கதை சொல்லி, இக்காலத்தில் கைப்பேசியையும் காட்டி ஊட்டும் தாய்மார் இதனைக் கேட்டால் பெருமூச்செறிவார்கள்.

இனி எழுத்துக்கு வருவோம். ஐந்து வயது நிறையும் வரை எந்தப் பிள்ளைக்கும் எழுத்துக் கற்பிப்பதில்லை என்பது அவர் கொண்ட விதி. படிப்புத் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் வீடு ஒழுங்கு செய்யப்படும். ஒவ்வொருவருக்கும் உரிய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். பிறந்தநாளுக்கு மறுநாள் காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையும் அறைக்குள் எவரும் நுழையலாகாது. அந்த ஒரே நாளில் குழந்தை 26 எழுத்துகளையும் கற்றுவிட வேண்டும். கற்றும்விட்டனர். மோலி, நான்சி என்னும் இரு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. அவ்விருவரையும் அப்போது மந்தபுத்தியினர் என்றே கருதினாராம் அன்னையார்! பிற வீட்டுப் பிள்ளைகள் அரிச்சுவடியோடு எத்தனை காலம் போராடுகின்றனர் என்பதைப் பின்னர்க் கண்டபோதுதான் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

நம் தமிழில் எழுத்துகள் 247 ஆயிற்றே, ஒரு நாளில் இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். இயலாது, இயல வேண்டுவதும் இல்லை. ஆங்கிலக் குழந்தைக்கு எழுத்து எளிது, எழுத்துக்கூட்டல் அரிது. நம் குழந்தைக்கோ, எழுத்து முற்றும் தெரிந்தால் படிப்பில் பெரும்பகுதி முடிந்த மாதிரி. எனவே, நாள் கணக்கை ஒப்பிடுவது பொருந்தாது. நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று.

எழுத்து முடிந்ததும் சிறு சிறு சொற்பட்டியல் எதுவும் இல்லை. நேரே திருமறையின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். முதல் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, தடையின்றி வரும் வரை திரும்பத் திரும்பப் படித்து, அதன் பின்னரே இரண்டாவது வசனம். மூத்த மகன் சாமுவேலின் பிறந்தநாள் பிப்ரவரித் திங்கள் பத்தாம் நாள். அவ்வாண்டு பெந்தெகொஸ்தே திருநாள் வருமுன் அச்சிறுவன் ஓர் அதிகாரத்தை நன்றாகப் படிக்க வல்லவனாய்விட்டான். பொருளுடைய சொற்றொடரைக் கொண்டே படிப்பைத் தொடங்க வேண்டும் என்று நம் பயிற்சிக் கல்லூரிகளில் பிற்காலத்தில் வற்புறுத்தியதை ஒரு தாய் தம் அறிவாலேயே கண்டுகொண்டார்.

ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் ஐந்து வயதுக்கு முன்பே படிப்புத் தொடங்கப்பட்டது. அவள் பெயர் கெஸ்ஸி. அன்னையார் வேண்டாமென்றார், மற்றவர் சொல் வென்றது. விளைவு என்ன? மற்றவர்கள் சில திங்களில் கற்றதைக் கற்க அவளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டரை வயதில் புத்தகப்பையைத் தோளில் மாட்டி அனுப்பும் நம் பெற்றோர் கெஸ்ஸியின் கதையை ஒருமுறை கேட்க வேண்டும்.

இன்னொரு விதியையும் குறிப்பாகப் பெண் மக்களுக்காகச் சொல்கிறேன். நன்றாகப் படிக்கத் தெரியும் வரை எந்தப் பெண்ணையும் தையல் முதலிய வேலையில் ஈடுபடுத்தலாகாது என்பது அவ்வீட்டுச் சட்டம். பெண்களை முன்னதாகவே ஊசியும் நூலுமாக உட்கார்த்தி விடுவதனால்தான் அவர்களுள் பலர் பிறர் கேட்க நன்றாக வாசிக்க இயலாதவராகின்றனர் என்று அவர் கண்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் இப்படி நினைத்தது பெரிது.

எல்லாவற்றையும் நான் புகழ்ந்துரைக்க மாட்டேன். ஓராண்டு நிரம்பிய குழந்தையே பிரம்புக்கு அஞ்சவும், அழுதாலும் மெல்ல அழவும் பழக்கப்பட்டது. குழந்தையின் தன்விருப்பை முதலில் அடக்க வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். வேலையாட்கள் உண்ணும்போது சமையலறைக்குள் போய் எதையேனும் கேட்ட பிள்ளைக்கு அடி கட்டாயம் விழும். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவனுக்கு அடியில்லை, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனையில்லை என்னும் நல்ல விதிகளும் அங்கு உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும், ஒரு வயதுக் குழந்தையின் அழுகையை அடக்குவது கல்வியாகாது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்துள்ளது. சட்டம் வருமுன்பே அதனை உணர்ந்த ஆசிரியர் பலர் இருந்தனர்.

அடுக்களைக்குள் பிள்ளையை விடாததும் எனக்கு உடன்பாடன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அரிசி அளக்கும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை, பின்னக் கணக்கைக் கண்டு மருள்வதில்லை. பருப்பு வேகும் நேரமும், உப்புக் கரையும் விதமும், தயிர் உறையும் வியப்பும் புத்தகம் இல்லாத பாடங்கள்.

எனினும், எப்வொர்த் அடுக்களைக்கு வேறொரு சிறப்பு வாய்த்தது. அதற்குக் காரணமான செய்தி, தமிழர்களாகிய நமக்கு மிக நெருங்கியது.

1709-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவ்வீடு தீக்கு இரையாயிற்று. ஐந்து வயதுச் சிறுவன் ஜானைப் பலகணி வழியாக இறக்கிக் காப்பாற்றினர். வீடு மீண்டும் எழும் வரை பிள்ளைகள் வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரிந்து சென்றனர்; அங்கே பழைய ஒழுங்கெல்லாம் குலைந்தது. மறுபடி ஒன்றுகூடியபோது அன்னையார் அனைத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அப்போது ஓர் அழகிய முறையைக் கொண்டுவந்தார். மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த குழந்தைகளுள் கடைசிக் குழந்தையை அழைத்துச் செல்லும். இரண்டாவது பிள்ளை அதற்கு அடுத்த குழந்தையை அழைத்துச் செல்லும். இவ்வாறு இருவர் இருவராகப் பிரிந்து சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசிப்பர்.

1711-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் சாமுவேல் திருச்சபை மன்றக் கூட்டத்துக்காக லண்டனில் தங்கியிருந்தார். அவ்வேளை, மகள் எமிலி தந்தையின் படிப்பறையில் ஒரு நூலைக் கண்டெடுத்தாள். அது டேனிஷ் அரசர் அனுப்பிய மறைப்பணியாளரின் வரலாறு. அவர்கள் எங்கே வந்தவர்கள்? நம் தரங்கம்பாடிக்கு! 1706-ஆம் ஆண்டு ஜூலையில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும், தமிழ்ப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினர் என்பது நாம் அறிந்த செய்தி. அந்நூலைப் படிக்கக் கேட்டதும் அன்னையாரின் உள்ளம் கனன்றது. கடல் கடந்து செல்லத் தமக்கு இயலாது. ஆனால், தம் வீட்டிலேயே இதனினும் மிகுதியாகச் செய்யலாமே என்று எண்ணினார். 1712-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதனை விளக்கமாகக் குறித்துள்ளார்.

அன்று வகுத்த திட்டம் இதுதான்: ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனித்து அமர்ந்து உரையாடுவது. திங்களன்று மோலி, செவ்வாயன்று ஹெட்டி, புதனன்று நான்சி, வியாழனன்று ஜான், வெள்ளியன்று பேட்டி, சனியன்று சார்லஸ், ஞாயிறன்று எமிலியும் சுக்கியும். அந்த நேரத்தில் பாட ஒப்புவித்தல் இல்லை. பிள்ளையின் மனத்தில் உள்ளதைக் கேட்பதே அவ்வேளையின் பணி. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நின்றவன் நான். நாற்பதின்மருக்கும் தனித்தனியே கால் மணி கொடுத்தாலும் பத்து மணி நேரம் வேண்டும். இதனைப் பள்ளியால் செய்ய முடியாது, வீட்டால் முடியும். வீட்டுக் கல்வியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்போர்டில் கற்பிக்கும் பணியிலிருந்த ஜான், அந்த வியாழன் மாலைச் சிறு பொழுதைத் தமக்கு மீண்டும் தர இயலுமா என்று அன்னைக்கு எழுதிக் கேட்டார்.

அதே குளிர்காலத்தில்தான், ஞாயிறு மாலைகளில் அன்னையார் அடுக்களையில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் மன்றாட்டும் பிரசங்கமும் வாசிக்கத் தொடங்கினார். அண்டை வீட்டார் வந்தனர். அவர்களைக் கண்டு மற்றவர் வந்தனர். இருநூறு பேருக்கு மேல் கூடி, நிற்க இடமின்றித் திரும்பியோரும் உண்டு. பெண்ணொருத்தி இவ்வாறு செய்யலாமா என்று உதவிக் குருவானவர் லண்டனுக்கு முறையிட்டார். நிறுத்தச் சொல்லிக் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. வெறும் விருப்பமாகச் சொல்லாமல், இறைவன் முன் பொறுப்பேற்றுத் தெளிவான கட்டளையாக அனுப்புங்கள் என்று அம்மையார் மறுமொழி விடுத்தார். அந்தக் கட்டளை வரவே இல்லை.

ஆண் மக்கள் மூவரும் பின்னர் லண்டன் பள்ளிகளுக்கும், அங்கிருந்து ஆக்ஸ்போர்டுக்கும் சென்றனர். பெண் மக்கள் எழுவருக்கும் அந்த வாயில் திறக்கவில்லை. எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் படித்தவள் என்று சொல்லப்படும் ஹெட்டி, 1725-இல் தந்தையின் சினத்துக்கு ஆளாகி, தன் உள்ளத்தோடு ஒவ்வாத ஒருவருக்கு மணம் முடிக்கப்பட்டாள். பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக இழந்து, அத்துயரைக் கவிதையாக்கினாள். அன்னை ஊட்டிய கல்வி அவளுக்குச் சொல்லைத் தந்தது. அதற்கேற்ற வாழ்வை அக்காலம் தரவில்லை. இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நூலைச் சற்று மூடி வைத்துவிடுவது என் வழக்கம்.

இன்று அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் கிறிஸ்தவத் தாய்மார் பலர் சுசன்னா வெஸ்லியை முன்னோடியாகக் கொள்கின்றனர். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே பள்ளியிலோ வேறு வகையிலோ தக்க கல்வி தருவது பெற்றோர் கடமை என்று வகுத்து இதற்கு இடம் வைத்தது.

அம்மையார் 1742-ஆம் ஆண்டு லண்டனில் காலமானார். தீக்குப் பின் செங்கல்லால் எழுப்பிய எப்வொர்த் இல்லம் இன்றும் காட்சியகமாக நிற்கிறது. அங்குச் செல்வோர் அந்த அடுக்களையையும் பார்த்து வரலாம்.