தண்ணீர் வருமுன் கட்டவேண்டிய பை

2015 டிசெம்பர் 2 ஆம் திகதி காலையில் குருநகரிலுள்ள எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சென்னையில் இருக்கும் தங்கச்சியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. தொலைக்காட்சியில் காட்டிய இடமெல்லாம் தண்ணீர். அவர்கள் குடியிருந்த முகலிவாக்கமும் மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. அம்மா யாகப்பர் கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தபடியே இருந்தா.

தங்கச்சி மன்னாரில் கலியாணம் செய்தவள். 2006 இல் சண்டை மீண்டும் மூண்டபோது கணவனுடனும் கைக்குழந்தையுடனும் படகேறி, மண்டபம் முகாமுக்குப் போய், பின்னர் சென்னையில் ஒரு கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்தாள். இளையவள் அங்கேதான் பிறந்தாள்.

அந்த ஆண்டு நவெம்பர் முழுவதும் பெய்த மழையில் சென்னையின் ஏரிகள் ஏற்கனவே நிரம்பியிருந்தன. டிசெம்பர் 1 ஆம் திகதி தொடங்கிய மழை தாம்பரத்தில் 24 மணித்தியாலத்தில் 49 சென்ரிமீற்றர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து செக்கனுக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரையிலும் இருந்த குடியிருப்புகளுக்குள் இரவோடிரவாக வெள்ளம் புகுந்தது.

"காலிலை குளிர்ந்துதான் முழிச்சனான் அக்கா. பாய் மிதக்குது. முதலிலை நான் பிள்ளையளைத் தூக்கேல்லை, பையைத்தான் தூக்கினன். அதை நினைச்சா இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு" என்று தங்கச்சி பிறகு சொன்னாள்.

மேல்மாடியில் இருந்த குடும்பம் கதவைத் திறந்துவிட்டது. இரண்டு குடும்பமும் ஒரே அறையில் இருந்தார்கள். மின்சாரம் இல்லை. மொட்டைமாடியில் வாளி வைத்து மழைநீர் பிடித்து, கொதிக்கவைத்துக் குடித்தார்கள். இருந்த அரிசியில் ஒரு நேரம் கஞ்சி. பிள்ளைகளுக்கு முதலில், பெரியவர்களுக்கு மிச்சம். பங்கருக்குள் இருந்த நாட்கள் பழக்கிய கணக்கு அது. மாதவிலக்குத் துணியைக் காயவைக்க இடமில்லாமல் பட்ட சங்கடத்தையும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

சென்னையின் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். தங்கச்சியின் தெருவுக்கும் ஒரு படகு வந்தது. மற்றப் பெண்கள் பயந்து நிற்க, இவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஏறி, ஆடாமல் நடுவில் குந்தினாளாம். கடற்கரைப் பிள்ளையா என்று படகுக்காரர் கேட்டாராம். அத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

பையில் இருந்தவை பொலிஸ் பதிவுப் பத்திரம், அடையாள அட்டைகள், பெரியவனின் பிறப்புச் சான்றிதழ். இளையவளின் சான்றிதழ் மட்டும் பிரதி எடுப்பதற்காக மேசை லாச்சியில் கிடந்தது. அது கூழாகிப்போனது. இந்தியாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து எடுக்கும் சான்றிதழே இலங்கைப் பிரஜை என்பதற்கு ஆதாரம். மீண்டும் எடுப்பதற்கு நான் இங்கேயும் அவள் அங்கேயுமாகப் பல மாதங்கள் அலைந்தோம்.

தங்கச்சியின் வெட்கத்தை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தா. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் சான்றிதழ்களை எண்ணெய்ச்சீலையில் சுற்றி இடுப்பில் கட்டியபிறகுதான் அம்மா எங்கள் கையைப் பிடித்தவ. "கடதாசி இல்லாட்டி உங்களை என்ரை பிள்ளையள் எண்டு ஆர் நம்பியிருப்பினம்?" என்றா.

சகோதரிகளே, வெள்ளம் நமக்கும் தூரமில்லை. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் பெங்கல், 2025 இல் டித்வா என்று புயல்கள் வந்தபடியே இருக்கின்றன. ஆகவே ஒரு பையைக் கட்டி உயரத்தில் வையுங்கள். சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, மருந்து, மாற்றுத்துணி, மாதவிலக்குத் துணி, ரோச் லைற். தாள்களை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவனுக்காக, பிள்ளைக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், அவர்களின் படம் என்பவற்றை முதலில் வையுங்கள். அவை நனைந்தால் திரும்பப் பெறுவது அரிது. எல்லாவற்றிலும் ஒரு பிரதி வேறூரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டபின்பே பாவியுங்கள். காலில் புண்ணுடன் வெள்ளத்தில் இறங்காதீர்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. காய்ச்சல் என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

தங்கச்சி இப்போது மேல்மாடி வீடொன்றில் இருக்கிறாள். பை கதவோரத்து ஆணியில் தொங்குகிறது. இளையவளின் புதிய சான்றிதழும் அதற்குள்தான். அதன் பிரதி குருநகரில், அம்மாவின் ரங்குப்பெட்டிக்குள் இருக்கிறது.