படப்பிடிப்பு முடிந்த பிறகு தோட்டத்தில் என்ன மிஞ்சுகிறது?

புக்கிட் ரோத்தான் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் படப்பிடிப்பு என்றால் கூட்டம் தானாகக் கூடிவிடும். நம் லயத்து வீடுகளும், செம்பனை வரிசைகளும், கோயில் திடலும் திரையில் வருவது நமக்குப் பெருமை. கேமராவைப் பிடித்திருப்பவரும் பல நேரங்களில் நம் பிள்ளைகளில் ஒருவர்தான். மகிழ்ச்சிதான். ஆனால் படக்குழு லோரியில் ஏறிப் போன பிறகு திடலைப் பார்த்தால்தான் மறுபக்கம் தெரியும். போத்தல்கள், சாப்பாட்டுப் பெட்டிகள், உடைந்த பலகைகள், ஜெனரேட்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. இதையெல்லாம் யார் எடுப்பது?

இந்தக் கேள்வியை உலகத் திரைத்துறையும் இப்போது கேட்கிறது. பிரிட்டனில் 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகப் பெரிய படம் ஒன்றின் தயாரிப்பில் சராசரியாக 2,840 டன் கரியமில வாயு வெளியாவதாகக் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, ஆட்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கும் போக்குவரத்தால் வருவது. சுமார் 15 விழுக்காடு டீசல் ஜெனரேட்டரால் மட்டும் வருகிறது. அந்நாட்டில் 2011 முதல் இயங்கும் 'ஆல்பர்ட்' என்ற அமைப்பு, ஒவ்வொரு தயாரிப்பும் எவ்வளவு எரிபொருள், மின்சாரம், பயணம் செலவழிக்கிறது என்று கணக்கெடுக்க உதவுகிறது. பிபிசி போன்ற நிறுவனங்கள் நிகழ்ச்சி தயாரிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்குகின்றன.

"அது கோடிக்கணக்கில் செலவழிக்கும் படங்களுக்கு, நம் டெலிமூவிக்கு எதற்கு?" என்று தோன்றலாம். சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 40 பேர் கொண்ட குழு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து தண்ணீர்ப் போத்தல், மூன்று வேளைச் சாப்பாட்டுப் பெட்டி. பத்து நாளில் 2,000 போத்தல்களும் 1,200 பெட்டிகளும் சேர்ந்துவிடும். ஜெனரேட்டர் நாளுக்கு 100 லிட்டர் டீசல் குடித்தால், பத்து நாளில் 1,000 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். அப்படியானால் மொத்தம் 2.7 டன். பணக் கணக்கும் உண்டு. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக உயர்ந்தபோது, இந்த 1,000 லிட்டருக்கு மட்டும் 1,200 வெள்ளி கூடுதல் செலவு. சின்னத் தயாரிப்பாளருக்கு அது சின்னத் தொகை அல்ல.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் அனுபவங்கள் உண்டு. பக்கத்து நாடான தாய்லாந்தின் மாயா கடற்கரையில் 1999இல் 'தி பீச்' என்ற ஹாலிவுட் படம் எடுக்கப்பட்டது. காட்சி அழகாக வர வேண்டும் என்று மணல்மேட்டைச் சரித்து, இயற்கையாக வளர்ந்திருந்த செடிகளை அகற்றித் தென்னைகளை நட்டார்கள். அதன்பேரில் எழுந்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில், தென்காசி மாவட்டம் மத்தளம்பாறை அருகே நடந்துகொண்டிருந்த 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பை, முறையான அனுமதி இல்லை என்று மாவட்ட ஆட்சியர் நிறுத்தி வைத்தார். புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி அது. பிறகு அனுமதி பெற்றே பணி தொடர்ந்தது.

நம் நாட்டில் படம் எடுக்க ஃபினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் அந்தக் கடிதம் கையில் இருப்பதால் தோட்டத்துக்குள் எதையும் செய்யலாம் என்று பொருள் அல்ல. நிலம் தோட்ட நிர்வாகத்துடையது என்றால் நிர்வாகத்திடமும், கோயில் திடல் என்றால் ஆலய நிர்வாகத்திடமும், பொதுச்சாலை என்றால் நகராண்மைக் கழகத்திடமும் தனித்தனியே கேட்க வேண்டும்.

படக்குழுவுக்கும் நாட்டின் சட்டம் பொதுவானதே. புகைமூட்டக் காட்சிக்காக டயரையோ, வேலை முடிந்ததும் குப்பையையோ எரித்தால் அது திறந்தவெளி எரிப்புக் குற்றம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 2024இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்கான அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். ஜெனரேட்டரிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றக்கூடாது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை முறைப்படி அப்புறப்படுத்த வேண்டிய கழிவாக வகைப்படுத்தியுள்ளன. போலிஸ்டிரின் சாப்பாட்டுப் பெட்டிக்கும் சிலாங்கூரில் 2017 முதலே தடை உண்டு.

நம் வட்டாரத்துக்கென்று இன்னொரு கவலையும் இருக்கிறது. கம்போங் குவாந்தானின் மின்மினிகள். சுங்கை சிலாங்கூர் கரையில் பெரெம்பாங் மரங்களில் ஒன்றாக மின்னும் இந்தப் பூச்சிகளுக்கு ஒளிதான் பேச்சு. ஆண் பூச்சி மின்னித்தான் பெண்ணை அழைக்கிறது. பலமான விளக்கை அந்தக் கரையில் அடித்தால் அந்த அழைப்பு மறைந்துபோகும். படகில் போகும்போது ஃபிளாஷ் போடாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகவே. அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. எனவே காட்சி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கரைப் புதர்களை வெட்டுவதும் கெடுதல்தான். இரவுக் காட்சிக்கு வேறு ஆற்றங்கரையைத் தேடுவது நல்லது.

படம் எடுக்கும் இளைஞர்கள் செய்யக்கூடியவை எளிது. பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்து, ஆளுக்கொரு போத்தலில் பெயர் எழுதிக் கொடுங்கள். சாப்பாட்டைத் தாப்பாவ் வாங்காமல், தோட்டத்துப் பெண்களிடமே சமைக்கச் சொல்லித் தட்டில் பரிமாறுங்கள். குப்பையும் குறையும், பணமும் ஊரில் தங்கும். பழைய சூடேறும் விளக்குகளுக்குப் பதில் எல்இடி விளக்கு போதும். மண்டபத்து மின்சாரத்தை, உரிமம் பெற்ற வயர்மேன் உதவியோடு, கட்டணம் கொடுத்து எடுத்தால் ஜெனரேட்டர் ஓடும் நேரம் குறையும். தனித்தனிக் கார்களில் வராமல் ஒரே வேனில் வாருங்கள்.

இடம் கொடுப்பவர்களும் வெறும் வாய்ப்பேச்சில் தலையாட்ட வேண்டாம். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை நாள், எத்தனை பேர், ஜெனரேட்டர் எங்கே நிற்கும், எந்த மரத்தையும் வெட்டமாட்டோம், குப்பையை நாங்களே ஏற்றிச் செல்வோம். சிறு முன்பணம் ஒன்றை வாங்கி வைத்து, இடம் சுத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்து வைத்தால் வாக்குவாதமே வராது.

கலைஞர்களை விரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் தோட்டத்துக் கதைகளைத் திரைக்குக் கொண்டுபோக இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். வந்தவர்கள் போன பிறகும் பிள்ளைகள் அதே திடலில் வெறுங்காலுடன் பந்து விளையாட முடிய வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.